கடிகாரம் ஏழு, குழாய் ஒன்றுமில்லை

தலைமைக் கதிரையில் வீற்றிருந்து, அந்தக் கதிரையின் ஒரு கால் ஆடுவதை முகத்தில் காட்டாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே! முன்வரிசையை நிரப்பி, தங்கள் திருநாமம் ஒலிபெருக்கியில் எப்போது முழங்கும் என்று காது கொடுத்துக் காத்திருக்கும் கொடையாளப் பெருந்தகைகளே! எட்டு மணி என்று அழைப்பிதழில் போட்டதை நம்பி எட்டு மணிக்கே வந்துவிட்ட ஏமாளிகளான என் அருமைப் பெரியோர்களே! விடிகாலையில் உலை வைத்து, வீடு கூட்டி, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு, தன் தலையை வார நேரமில்லாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேடையைப் பார்க்காமல் பெட்டிஸ் பலகாரம் வைத்திருக்கும் மேசையையே பார்க்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

இந்த விஞ்ஞான தினத்தில் என்னைச் சிறப்புரை ஆற்ற அழைத்திருக்கிறார்கள். தலைப்பு: தனிக்கல அங்கிகளும் பல்கல அங்கிகளும். கைதட்டாதீர்கள். தலைப்பைக் கேட்டதும் நானும் உங்களைப் போலத்தான் பயந்தேன். விஞ்ஞானப் பாடத்தில் நான் எடுத்த புள்ளியை இந்த மேடையில் சொன்னால், பிள்ளைகளுக்கு என் மேல் ஒரு பாசம் பிறந்துவிடும். அதனால் சொல்ல மாட்டேன். நான் பாரூக். கண்டி நகரத்தில் பேக்கரிச் சாமான் விற்கிறவன். மா, மாஜரின், ஈஸ்ட். கட்டுகஸ்தோட்டை முதல் தெல்தெனிய வரை காலையில் நீங்கள் பிய்த்துச் சாப்பிடும் பாணில் பாதி, என் கடை ஈஸ்டால் பொங்கிய பாண். படித்தவன் பேச வேண்டிய தலைப்பைப் பாண்காரனிடம் ஏன் கொடுத்தார்கள்? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னர் இந்தப் பாடசாலைக்கு வந்தேன். எதற்கு? அளவெடுக்க. என்ன அளவு? இந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் திருத்திக் கொடுத்த ஆய்வுகூடத்தின் சுவரில், என் பெயர் பொறித்த கருங்கல் பலகை பதிக்க வேண்டுமே, அதன் அளவு! அகலம் மூன்றடி போதுமா, நான்கடி வேண்டுமா என்று அளவு நாடாவை விரித்துக்கொண்டு உள்ளே போனால், அங்கே விஞ்ஞான ஆசிரியை கஜலட்சுமி ஒரு நுணுக்குக்காட்டியின் மேல் குனிந்துகொண்டிருக்கிறார். சுற்றிப் பதினொரு பிள்ளைகள். நான் கனைத்தேன். யாரும் திரும்பவில்லை. கொடைவள்ளல் ஒருவன் கனைக்கிறான், ஒருவரும் திரும்பவில்லை! இந்தக் கண்டி மாநகரில் எனக்கு நடந்த முதல் அவமரியாதை அது.

"கொஞ்சம் இருங்க ஹாஜியார்," என்றார் ஆசிரியை. "இந்த நுணுக்குக்காட்டி டவுன் ஸ்கூல்ல இரவல் வாங்கினது. ரெண்டு மணிக்கு லொறில திருப்பி அனுப்பணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு நிமிஷம் தான்."

"அப்படி என்ன பார்க்கிறீங்க?"

"உங்க கடை ஈஸ்ட் தான். வாங்க, நீங்களும் பாருங்க. ஒரு கண்ண மூடிக்குங்க."

பார்த்தேன். சபையோரே, முப்பத்திரண்டு வருடமாக நான் மூட்டை மூட்டையாய் விற்ற சரக்கை அன்றுதான் முதன்முதலாக நேரில் கண்டேன்! முட்டை முட்டையாக, உருண்டை உருண்டையாக, ஒன்றின் தோளில் இன்னொன்று மொட்டு விட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் கிடந்தன. பாடப் புத்தகத்தில் இதற்கு மதுவம் என்று பெயராம். ஹாஜியார் மதுவம் விற்கிறார் என்று தயவுசெய்து வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள், பள்ளிவாசல் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

"இதுல முதலாளி எது?" என்று கேட்டேன்.

"எல்லாமே முதலாளி தான்," என்றார் ஆசிரியை. "ஒவ்வொண்ணும் தனி உயிர். தானே தின்னும், தானே கழிக்கும், தானே மூச்சு விடும், தானே பெருகும். பக்கத்துல இருக்கிறது செத்தாலும் இதுக்குக் கவலை இல்ல."

"அட, இது எங்கட வர்த்தகர் சங்கமில்லையா!" என்றேன். பதினொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். முன்வரிசை இப்போது சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

ஆகவே அன்பர்களே, வித்தியாசம் என்ன? தனிக்கல அங்கி என்றால் ஒரே ஒரு கலத்தால், ஒற்றைச் செல்லால், ஆன உயிர். ஈஸ்ட், அமீபா, பரமேசியம். அந்த ஒரு கலத்துக்குள்தான் வாய், அதற்குள்தான் வயிறு, அதற்குள்தான் வாசல். அமீபாவுக்குக் கால் வேண்டுமென்றால் உடம்பில் ஒரு பக்கத்தை நீட்டும், அதுவே கால். இரை கண்டால் அதே காலால் வளைத்து விழுங்கும்; அதுவே கை, அதுவே வாய். யாரிடமும் உதவி கேட்காது, யாருக்கும் பதில் சொல்லாது. சுதந்திரம்! சுயமரியாதை! சுயதொழில்!

என்னைப் போல என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒற்றை ஆளாய் எழும்பியவன். மா மூட்டை சுமந்தவனும் நான், லொறி ஓட்டியவனும் நான், கடையைக் கூட்டியவனும் நான், கடைக்கு முதலாளியும் நான். இந்தப் பெருமையை அன்றிரவுச் சாப்பாட்டில் என் மனைவி ஹபீலாவிடம் சொன்னேன். "நானும் ஒரு தனிக்கல அங்கி தெரியுமா?" என்றேன். அவள் கறிச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அது எனக்குக் கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும். நீங்களே கடை, நீங்களே லொறி, நீங்களே வாய். ஒரு கண்ணாடிக்குக் கீழ வெச்சுப் பார்த்துத்தானா ஒங்களுக்கு வெளங்கின?"

தாய்மார்கள் மட்டும் ஏன் இவ்வளவு பலமாகக் கைதட்டுகிறீர்கள்?

சரி, பல்கல அங்கி என்றால் என்ன? நீங்கள், நான், இந்த மண்டபத்தின் முகட்டில் குறட்டை விடும் புறா, வெளியே நிற்கும் பலாமரம். கோடி கோடிக் கலங்கள். ஆனால் கவனியுங்கள், சபையோரே, இங்கேதான் நான் வியாபாரியாய் முப்பது வருடம் ஏமாந்த இடம் இருக்கிறது. எண்ணிக்கை பெருகினால் பல்கலம் ஆகிவிடும் என்று நினைத்தேன். "என் ஈஸ்ட் பக்கற்றிலும் கோடிக்கணக்கில் இருக்கிறதே டீச்சர், அது ஏன் பல்கல அங்கி இல்லை?" என்று கேட்டேன்.

அதற்கு ஆசிரியையை முந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற மாணவி கலாராணி சொன்னாள். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை. மெலிந்த குரல், ஆனால் தெளிவான குரல். "அது கும்பல், சேர். உடம்பு இல்ல. உடம்புன்னா வேலையைப் பிரிச்சு எடுக்கணும். தோல் கலம் மூடும், தசைக் கலம் இழுக்கும், நரம்புக் கலம் சேதி சொல்லும். ஒரே மாதிரி வேலை செய்யிற கலங்க சேர்ந்தா இழையம், இழையங்க சேர்ந்தா அங்கம், அங்கங்க சேர்ந்தா தொகுதி. எல்லாரும் ஒரே வேலையைச் செஞ்சா எப்படி சேர் உடம்பு வரும்?"

எல்லாரும் ஒரே வேலையைச் செய்தால் எப்படி உடம்பு வரும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நேரம் என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அந்தப் பக்கக் கதவால் ஆய்வுகூடத்தின் சுவரை எட்டிப் பாருங்கள். என்ன மணி? ஒன்பது ஐம்பதா? அது முன்வரிசையில் இருக்கும் நம் அண்ணன் நஸீப் நானா தந்த கடிகாரம். பின்னால் இருந்து ஒருவர் மூன்றேகால் என்கிறார். அது முன்வரிசையில் இடமிருந்து இரண்டாமவர் தந்தது. பன்னிரண்டிலேயே நிற்பது அடியேன் தந்தது. ஆம், முதல் கடிகாரம் நான் தந்ததுதான்! "அன்பளிப்பு: பாரூக் அன் சன்ஸ்" என்று முகத்தில் எழுதி, முள்ளுக்கு இடமில்லாமல் தந்தது. நான் கொடுத்ததைப் பார்த்து இன்னொருவர் கொடுத்தார். என்னுடையதைவிட ஒரு அங்குலம் பெரிது. அதைப் பார்த்து இன்னொருவர். மொத்தம் ஏழு. ஒரு சுவர், ஏழு கடிகாரம், ஏழு நேரம். கடிகாரம் தந்தவர் எழுவர், பற்றரி தந்தவர் எவருமில்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த அறையில் ஒரு குழாய் இருக்கிறதா? கை கழுவத் தொட்டி இருக்கிறதா? சாய்ந்து எழுத ஒரு மேசை இருக்கிறதா? சுவர் பூசினேன், பூட்டுப் போட்டேன், பச்சை நிறம் அடித்தேன். தண்ணீரை மறந்தேன். ஏன் மறந்தேன்? மறதியா? இல்லை ஐயா, இல்லை. மனதைத் தொட்டுச் சொல்கிறேன்: குழாயில் பெயர் எழுத இடமில்லை!

இது கேலியாக முடிந்துவிட்டால் நல்லது. ஆனால் செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அதிபரின் மேசையில் கடிதம் இருக்கிறது, நான் வாசித்தேன். உயர்தர உயிரியல் வகுப்பு இங்கே தொடங்க வேண்டுமானால் ஆய்வுகூடத்தில் ஓடும் தண்ணீர் வேண்டும், தொட்டி வேண்டும், வேலை மேசை வேண்டும், இரண்டு நுணுக்குக்காட்டியாவது வேண்டும். இல்லையேல் அனுமதி இல்லை. கடிகாரம் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் இரண்டு தரம் தேடினேன்.

அனுமதி இல்லாவிட்டால் அந்தப் பதினொரு பிள்ளைகள் என்ன ஆவார்கள்? நகரத்துப் பெரிய பாடசாலைகளில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹேவாஹெட்ட தோட்டத்திலிருந்து வந்து மாமி வீட்டில் தங்கிப் படிக்கும் இருவர் மூட்டை கட்டுவார்கள். கலாராணிக்கு ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்து வைத்திருக்கிறார்கள், புதன்கிழமை வந்து சேரச் சொல்லி. புடவைக்கடை வேலை கேவலமா? இல்லை. நானும் கடைக்காரன்தான். ஆனால் அந்தப் பிள்ளை இரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்து இரத்தம் பார்க்க ஆசைப்படுகிறது. செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்கு ஒரேயொரு இரவு இருக்கிறது.

அவளுடைய தகப்பன் யார் தெரியுமா? பின்வரிசைத் தூணோடு சாய்ந்து நிற்கிறாரே, பழனியாண்டி. உட்கார மனமில்லாமல் நிற்கிறார் என்று நினைக்காதீர்கள்; கதிரை முன்வரிசைக்குப் போய்விட்டது. மஹய்யாவையில் பிறந்து வளர்ந்து, இந்த நகரத்தின் குழாய் வேலைகளில் இருபத்தைந்து வருடம் கழித்தவர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கடிதத்தை வாசித்த அன்று அவரைத் தேடிப்போனேன்.

"பழனியாண்டி அண்ணன், ஆய்வுகூடத்தில் தண்ணி இல்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுமுங்க."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே முதலாளி. என்னைய ஏழு தடவ அந்த ரூமுக்குக் கூப்பிட்டீங்க. ஏழு தடவயும் செவத்துல ஓட்ட போட்டு மணிக்கூடு மாட்டத்தான் கூப்பிட்டீங்க."

"தண்ணி கொண்டுவர எவ்வளவு வேலை?"

"மேல டாங்கி இருக்கு. லைன் அந்தச் செவத்துக்கு வெளிப்பக்கமாத்தான் போவுது. பைப்பும் ரெண்டு ஆளும் குடுத்தீங்கன்னா ஒரு பகல் வேலைங்க." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார், "எல்லாரும் ஏதாச்சும் குடுத்தாங்க. எனக்கும் குடுக்க ஆசைதான். மணிக்கூடு வாங்க எனக்கு ஏலாதுங்களே."

சபையோரே! இந்த ஊரில் தண்ணீர் தெரிந்த ஒரே கலத்தை, கடிகாரம் வாங்க முடியவில்லை என்று கவலைப்பட வைத்தது யார்? நாம் அல்லவா! நரம்பாய் இருக்க வேண்டியவனைத் தோலாய் இரு என்றோம். தசையாய் இருக்க வேண்டியவனையும் தோலாய் இரு என்றோம். தோல்தானே வெளியே தெரியும்! தோலில்தானே பெயர் எழுதலாம்! தோல் மேல் தோல், தோல் மேல் தோல், ஏழு தோல் போர்த்தினோம். உள்ளே உயிர் இருக்கிறதா என்று ஒருவராவது பார்த்தோமா?

தனிக்கலத்தை நான் இழிவாய்ப் பேசவில்லை. அதனால்தான் பாண் பொங்குகிறது, என் பிழைப்பும் பொங்குகிறது. ஆனால் அது எவ்வளவு பெருகினாலும் ஈஸ்டுக்கு மேல் ஈஸ்ட்தான். அதன் ஒரு கலத்துக்குக் கேடு வந்தால் அந்த உயிரின் கதை அத்தோடு சரி. உங்கள் உடம்பிலோ இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து எத்தனையோ தோல் கலங்கள் உதிர்ந்துவிட்டன. நீங்கள் கவனித்தீர்களா? கொட்டாவிதான் விட்டீர்கள். ஒரு கலம் போனாலும் உடம்பு நிற்கிறது. அதற்கு விலையும் உண்டு: உடம்பைவிட்டுத் தனியே எடுத்து வைத்தால் நரம்புக் கலம் நரம்பாய் வாழாது, தசைக் கலம் தசையாய் வாழாது. என்னைப் போல ஒற்றையாய் நிமிர்ந்து திரிகிற சுகம் அதற்கு இல்லை.

கலாராணி எனக்குச் சொன்ன இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நம் இரத்தத்தில் செங்குருதிக் கலம் என்று ஒன்று. கலம் என்றால் நடுவிலே கரு இருக்க வேண்டும். அதுதான் அதன் அடையாளம், அதன் ஆணையிடும் இடம், அதன் பெயர்ப்பலகை என்றே வையுங்களேன். இந்தச் செங்குருதிக் கலம், பிறந்து வளர்ந்து வேலைக்குப் புறப்படும்போது, அந்தக் கருவையே கழற்றி விட்டுவிட்டுப் போகிறதாம்!

"ஏன் புள்ள?" என்று கேட்டேன்.

"இடம் வேணும்ல சேர்," என்றாள். "ஒட்சிசன் சுமக்கணும்ல."

அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆனால் பலகைக்கு ஏற்கனவே முன்பணம் கொடுத்தாயிற்று; கல் வெட்டுகிறவர் என் அளவுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று நாளில் வந்தது, பதித்தார்கள், பட்டுத் திரையும் போட்டார்கள். அதைத் திறந்து வைக்கவும், ஈஸ்டில் நான் கண்டதைச் சொல்லவும்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள்.

இருங்கள், இருங்கள். அதற்கு முன்னர் நஸீப் நானா ஏதோ கை காட்டுகிறார். ஒலிவாங்கி வேண்டாம், அவர் குரலே போதும்.

"பாரூக் நானா, பேசிட்டே ஈக்காதீங்க! பைப் எத்தனை அடி வேணும் செல்லுங்க!"

பழனியாண்டி அண்ணன் விரல் காட்டுகிறார். அறுபதடி! நஸீப் நானாவின் இரும்புக்கடையிலிருந்து அறுபதடி குழாயும் இரண்டு தொட்டியும். ஐந்து வருடமாக அவரைக் கடிகாரக் கடைக்காரர் என்றே நினைத்திருந்தேன்! யார் அது, பின்னால் கை தூக்குவது, துஷாந்த்தா? மேசைகள் உங்கள் தச்சுப்பட்டறையில் ஆறு இருக்கின்றனவா? நாளை மறுநாள் கால் ஆடாமல் வர வேண்டும், அதிபரின் கதிரை மாதிரி அல்ல. நுணுக்குக்காட்டி இரண்டும் என் பொறுப்பு. நேற்றே வந்துவிட்டன, மா மூட்டைகளுக்கு நடுவில் கடையில் இருக்கின்றன. முன்வரிசையின் மற்ற ஐவருக்கும் பெரிய பணி ஒன்று வைத்திருக்கிறேன்: கழிவுத் தண்ணீர் போகக் கிடங்கு வெட்ட வேண்டும். மண்வெட்டி வெளியே சாய்த்து வைத்திருக்கிறது.

என்ன கேட்கிறீர்கள்? பெயர் எங்கே போடுவதா? நல்ல கேள்வி, நானும் கேட்டிருப்பேன். குழாய்க்குள் போடுங்கள். தண்ணீரோடு எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேரட்டும்.

இன்னொரு சங்கதி. பெட்டிஸ் மேசையில் இருக்கிறது. தேயிலை இருக்கிறது, சீனி இருக்கிறது, கேத்தல் இருக்கிறது. கேத்தலை ஆய்வுகூடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே குழாயில் தண்ணீர் வந்ததும் தேநீர் கிடைக்கும். அதுவரைக்கும் வெறும் பெட்டிஸ்தான். நான் வியாபாரி; மனிதனை எது வேகமாக ஓட வைக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது திறப்பு விழா. அதிபர் அவர்களே, தாங்களும் வாருங்கள். ஆனால் அந்தத் திரையை நான் இழுக்கப் போவதில்லை. பழனியாண்டி அண்ணன், தூணை விட்டு முன்னால் வாங்க. கலாராணி, நீயும் வாம்மா. நீங்கள் இருவரும் இழுங்கள்.

இழுப்பதற்கு முன் ஒரு உண்மை. இன்று காலை ஆறு மணிக்கு நானும் பழனியாண்டி அண்ணனும் வந்து பலகையைக் கழற்றிவிட்டோம். கருங்கல் நல்ல கனம், ஆடாது, அசையாது. எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு நுணுக்குக்காட்டியை அதன் மேல் வைக்கலாம். காசு கொடுத்து வாங்கிய கல்லை எறிய எனக்கு மனம் வராது. பலகை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? திரையை விலக்கினால் பார்ப்பீர்கள், என் கை முட்டி அளவில் ஒரு ஓட்டை. குழாய் உள்ளே வரச் சுவரில் அதைவிட நல்ல இடம் இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். இந்தச் சுவரில் அவர் போட்ட எட்டாவது ஓட்டை. மணிக்கூடு மாட்டாத முதல் ஓட்டை.

ஓட்டைக்குக் கைதட்டுங்கள் ஐயா, தட்டுங்கள்!

பேச வைத்த அதிபருக்கும், கேள்வி கேட்க வைத்த கஜலட்சுமி டீச்சருக்கும், பதில் சொன்ன கலாராணிக்கும், என்னை முன்னமே அறிந்திருந்த ஹபீலாவுக்கும், இவ்வளவு நேரமும் தேநீர் இல்லாமல் பொறுத்திருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் ஸலாம், என் வணக்கம். இனி ஒலிவாங்கியை அணைத்துவிடுங்கள். மண்வெட்டிகள் வலது பக்கம், தாய்மார்களுக்குக் கதிரைகள் இடது பக்கம். செவ்வாய்க்கிழமை வருகிறது, வாங்க, இறங்குவோம்.